வீழும் வீரனும் பார்ப்போர் கடனும்

போரின் நினைவு நெடுங்காலமாகச் சொல்லினாலும் கல்லினாலும் பேணப்பட்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அப்பணியிற் பெரும்பங்கைப் புகைப்படம் ஏற்றுக்கொண்டது. பாடலும் கல்லும் போர் ஓய்ந்த பின்னர் ஆக்கப்படுவன. புகைப்படமோ போரின் நடுவே எடுக்கப்படுவது. ஆதலால் அதனை நோக்குவோர் அதற்கு ஒரு சாட்சியின் தகுதியை வழங்கிவிடுகின்றனர். அச்சாட்சி பொய்த்துவிட்டதோ என்ற ஐயம் எழும்போது பார்ப்போர் கொள்ளும் சினம் எவர்பொருட்டு எழுகிறது என்பது அறவியல் நோக்கில் ஆராயத்தக்க ஒரு வினா. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது றொபேட் கப்பா எடுத்ததாக அறியப்படும், 'வீழும் வீரன்' என்று வழங்கும் படம் இவ்வினாவை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிர்ப்புடன் வைத்திருக்கிறது.

படம் மிக எளிமையானது. காய்ந்த புல்லும் அரிதாளும் நிறைந்த ஒரு சரிவு. வெண்ணிறச் சட்டையும் தோலாலான தோட்டாப் பைகளும் அணிந்த ஒருவர் பின்புறமாகச் சாய்கிறார். கால்கள் மடிகின்றன. அகல விரிந்த வலக்கை துப்பாக்கியை நழுவவிடும் நிலையில் உள்ளது. அவருக்குப் பின்னே பரந்த வானமும் தொலைவிலுள்ள குன்றுகளுமன்றி வேறெதுவும் இல்லை. பகைவரும் இல்லை, தோழரும் இல்லை, குருதியும் இல்லை. 1936 செப்ரெம்பர் 23ஆந் திகதி பாரிஸ் நகரில் வெளிவந்த 'வூ' என்ற சஞ்சிகையில் இப்படம் முதன்முதலாகப் பிரசுரமாயிற்று. அதே பக்கத்தில், ஏறக்குறைய அதே இடத்தில், ஏறக்குறைய அதே வானின் கீழ் வேறொருவர் வீழ்வதைக் காட்டும் இரண்டாவது படமொன்றும் இடம்பெற்றிருந்தது. அவ்விரண்டாமவரைப் பற்றிப் பின்னர் நோக்கலாம்.

அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகை 1937 யூலை 12ஆந் திகதி இதழில் முதற்படத்தைப் பெரிதாக வெளியிட்டு, கோர்டோபாப் போர்முனையில் தலையிற் குண்டு பாய்ந்து ஒரு வீரர் வீழும் கணம் அது எனக் குறிப்பிட்டது. எதிர்ப்பக்கம் முழுவதையும் ஆடவர் கேசத்துக்குப் பூசும் தைலமொன்றின் விளம்பரம் நிறைத்திருந்தது. இவ்வயலைப் பிற்காலத்தில் சூசன் சொன்ராக் பிறர் துயரை நோக்குதல் பற்றிய தமது 2003ஆம் ஆண்டு நூலிற் சுட்டிக்காட்டினார். ஒரு மனிதனின் இறுதிக் கணமும் இன்னொருவனின் மினுங்கும் தலைமயிரும் ஒரே விரிப்பில் அமைவது சஞ்சிகை உலகில் வியப்புக்குரியதன்று. ஆயினும் இப்படத்தின் வரலாற்றை ஆராய்பவர் அவ்விளம்பரத்தையும் மறவாதிருத்தல் நன்று.

அன்றைய ஐரோப்பாவிற் குடியரசின் பக்கம் நின்றோர் இப்படத்தில் ஒரு தனிமனிதரைக் கண்டனர் என்று கூறுவதிலும் குடியரசையே கண்டனர் என்று கூறுவதே பொருந்தும். தேர்தலால் அமைந்த ஓர் அரசு படைத்தலைவர் சிலரின் கிளர்ச்சியால் தாக்குண்டிருந்தது. ஆயுதப் பயிற்சி குறைந்த தொழிலாளரும் உழவரும் அதனைக் காக்கப் புறப்பட்டிருந்தனர். வெண்சட்டை அணிந்து வெறுஞ்சரிவில் தனித்து வீழும் ஒருவர் அவர்கள் அனைவருக்கும் உருவானார். அவர் பெயரற்றவராக இருந்தமை இதற்குத் துணைபுரிந்தது. பெயர் இருந்திருப்பின் அவருக்கு ஊர் இருந்திருக்கும், தாய் இருந்திருப்பாள், ஒருவேளை கடனும் வழக்கும் இருந்திருக்கும். குறியீடாவதற்கு இவையெல்லாம் தடைகளாகும்.

இந்நிலை நாற்பது ஆண்டுகள் வரை பெரிதும் மாறவில்லை. 1975இல் பிலிப் நைற்லி போர்ச் செய்தியாளர்களின் வரலாறு பற்றி எழுதிய நூலில், அப்படம் ஒத்திகையாக எடுக்கப்பட்டதென ஸ்பெயினிற் பணியாற்றிய செய்தியாளர் கலகர் கூறியதனை வெளியிட்டார். கலகரின் கூற்று எக்காலத்தும் ஒன்றாக இருக்கவில்லை. ஒருமுறை குடியரசுப் படையினரே நடித்தனர் என்றும், பிறிதொருமுறை பிராங்கோவின் படையினர் குடியரசுச் சீருடையில் நடித்தனர் என்றும் அவர் கூறியதாக அறியப்படுகிறது. எனினும் ஐயம் ஒருமுறை எழுந்த பின்னர், அதனை எழுப்பியவரின் நம்பகத்தன்மையைக் குறைப்பதனால் மட்டும் அது அடங்குவதில்லை. கப்பாவும் 1954 மே 25இல் வியட்நாமிற் கண்ணிவெடியில் அகப்பட்டு மாண்டிருந்தார். 1947இல் அவர் அளித்த வானொலிப் பேட்டியொன்றின் ஒலிப்பதிவு 2013இல் வெளிவந்தது. அதில் அவர், பதுங்குகுழியிலிருந்து கமெராவைத் தலைக்கு மேலே உயர்த்தி, பாராமலே அப்படத்தை எடுத்ததாகக் கூறுகிறார். எதிர்மறைச் சுருளோ கிடைக்கவில்லை. காணாமற்போய் 2007இல் மெக்சிக்கோவிலிருந்து மீண்ட ஏறத்தாழ 4500 எதிர்மறைகளுள்ளும் அது இருக்கவில்லை.

1990களில் வாதம் புதிய திசையொன்றை எடுத்தது. அல்கோய் நகரைச் சேர்ந்தவரும் தாமே இளம்பராயத்தில் அப்போரிற் பங்குகொண்டவருமான மாறியோ புறொட்டோன்ஸ், படத்திலுள்ளவர் அணிந்திருக்கும் தோட்டாப் பைகள் அல்கோய்ப் படையினருக்கென ஆக்கப்பட்டவை என்றும், அவர் 1936 செப்ரெம்பர் 5இல் செரோ முரியானோவில் மாண்ட இருபத்துநான்கு வயதான பெடரிக்கோ பொறெல் கார்சியா என்றும் வாதிட்டார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின் குறியீட்டுக்கு ஒரு பெயர் கிடைத்தது. கப்பாவின் வரலாற்றாசிரியரான றிச்சேட் வீலன் இதனைப் பெருஞ்சான்றாகக் கொண்டார். மனிதர் இறந்தார், ஆதலாற் படம் மெய் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் அதனோடு அமையாது, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரக் கொலைப் புலனாய்வு அதிகாரி ஒருவரிடமும் படத்தைக் காட்டினார். வீழ்பவரின் இடக்கை விரல்கள் உள்நோக்கி மடிந்திருப்பதை அவ்வதிகாரி நோக்கினார். தானாக வீழ்பவன் உடலைத் தாங்கும்பொருட்டுக் கையை விரிப்பான், இக்கையிலோ அந்த முனைப்பு இல்லை, ஆகவே இவர் உயிரிழந்தவர் அல்லது இழக்கின்றவர் என்பது அவர் முடிபு.

அவ்விரல்கள் இங்குச் சற்று நின்று நோக்கத்தக்கவை. 1937இல் அப்படத்தைப் பார்த்தவர் அக்கையிலே ஒரு மனிதன் உலகை விட்டுவிடுவதைக் கண்டார். அறுபது ஆண்டுகளின் பின் அதே கை ஒரு நிழற்படக்காரரின் நேர்மைக்குச் சான்றாக ஆராயப்பட்டது. கை மாறவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட வினாவே மாறியது.

2009இல் பேராசிரியர் சுஸ்பெரெகி படத்தின் பின்னணியிலுள்ள குன்றுகளின் வரையை ஒப்பிட்டு, அவ்விடம் செரோ முரியானோ அன்று, அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எஸ்பேஹோ என்ற ஊர்ப்புறமே எனக் காட்டினார். செப்ரெம்பர் மாத முற்பகுதியில் எஸ்பேஹோவிற் போர் நிகழவில்லை. அவ்வாறாயின் வீழ்பவர் செரோ முரியானோவில் மாண்ட பொறெல் ஆதல் இயலாது. அவர் ஒரு மரத்தின் பின்னே நின்று சுட்டுக்கொண்டிருக்கையிற் கொல்லப்பட்டார் என 1937இல் எழுதப்பட்ட குறிப்பொன்றும் முன்னரே எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. படத்திலோ மரமேதும் இல்லை. வந்த பெயர் மீண்டும் அகன்றது. படத்தை எடுத்தவர் கப்பாவா, உடன்சென்ற கேர்டா டாரோவா என்ற ஐயமும் இவ்வாதங்களிடையே எழுந்துள்ளது. அக்காலத்தில் இருவர் படங்களும் கலந்தே வெளிவந்தன. 'றொபேட் கப்பா' என்ற பெயர்கூட, என்ட்றே பிறீட்மன் என்ற ஹங்கேரிய இளைஞரும் டாரோவும் தம் படங்களை நல்ல விலைக்கு விற்கும்பொருட்டுப் புனைந்த ஓர் அமெரிக்கரின் பெயராகவே பிறந்தது.

இச்செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தபோது எழுந்த எதிர்வினைகளே இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானவை. ஏமாற்றப்பட்டோம் என்றனர் பலர். கப்பா ஐந்து போர்களைப் படமெடுத்தவர், இறுதியில் உயிரையே அதற்குக் கொடுத்தவர், அத்தகையவர் பொய்யுரைப்பாரா என்றனர் வேறு சிலர். ஒருவர் 1954இல் துணிந்து இறந்தமை 1936இல் இருபத்துமூன்று வயதை எட்டாத இளைஞராக அவர் செய்ததற்குச் சான்றாகாது என்பது வெளிப்படை. கலை எப்போதும் ஒருவகைக் கையாளுகையே, கமெராவை ஒரு திசையில் திருப்பும்போதே அது தொடங்கிவிடுகிறது என்ற கருத்தினை ஸ்பெயினின் அன்றைய பண்பாட்டு அமைச்சர் வெளியிட்டார். இவையனைத்திலும் ஒரு குறை பொதுவாக உள்ளது. படம் ஒத்திகையாயின் ஒரு மனிதர் அன்று இறக்கவில்லை. அவர் எழுந்து, காற்சட்டையிற் படிந்த புழுதியைத் தட்டிவிட்டு, தோழரோடு சிரித்திருத்தலும் கூடும். பத்தாயிரக்கணக்கானோர் அவர்பொருட்டு இரங்கியிருந்தனர். இரங்கியவருக்கு அவர் இறக்கவில்லை என்ற செய்தி நற்செய்தியாக அல்லவா இருத்தல் வேண்டும்? அதனைக் கேட்டு மகிழ்ந்தவர் குரல் அரிதாகவே கேட்டது. அவர் பிழைத்தார் என்பது ஓர் ஊழல் வெளிப்பட்டதைப் போன்றே எங்கும் பேசப்பட்டது.

இவ்வெதிர்வினையை வெறும் கொடுமை என்று தள்ளிவிடல் எளிது. அது சரியாகாது. இதனோடு ஒத்த ஒரு நிலையைக் கொலின் றட்போட் என்ற தத்துவ அறிஞர் 1975இல் எடுத்து ஆராய்ந்தார். ஒருவன் தன் சகோதரிக்கு நேர்ந்த பெருந்துன்பத்தைச் சொல்லிக் கேட்போரை உருகச் செய்கிறான். பின்னர் தனக்குச் சகோதரியே இல்லை என்கிறான். அக்கணமே கேட்டவரின் இரக்கம் மறைந்துபோகிறது. அவ்வாறாயின் நாடகத்திலும் கதையிலும் இல்லாதவர்பொருட்டு மனிதர் அழுவது எவ்வாறு என்பது அவர் எழுப்பிய சிக்கல். மெய்ப்பாட்டினை ஆராய்ந்த தமிழ் இலக்கணமரபினருக்கு இச்சிக்கல் புதியதன்று. கூத்தைப் பார்ப்பவனுக்கு இழப்பேதும் நேராதபோதும் அழுகை அவன் மெய்யிலே தோன்றுகிறது. ஆயின் கூத்துக்கும் பார்ப்பவனுக்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. அரங்கிலே வீழ்பவன் எழுவான் என்பதை அவன் அறிந்தே அழுகிறான். செய்திப் படம் அத்தகைய உடன்பாட்டினை வேண்டுவதில்லை. 'இது நிகழ்ந்தது' என்ற ஒரே உறுதியை அளித்துப் பார்ப்பவனின் இரக்கத்தைப் பெறுகிறது. அவ்வுறுதி பொய்யாகும்போது அவன் சினப்பது இயல்பே. எனினும் அச்சினம் எதன் இழப்பை அளந்து எழுகிறது என்பது இன்னும் எஞ்சியிருக்கும் வினா.

இதனைத் தெளிவுபடுத்த வேறொரு போரின் படமொன்றினை ஒப்பிடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 யூலையிற் கெற்றிஸ்பேர்க் களத்தில், அலெக்சாந்தர் கார்ட்னர் தெற்குப் படைவீரர் ஒருவரின் உடலைப் பாறைகளிடையே, துப்பாக்கி சாத்தியிருக்கக் காட்டும் படமொன்றை வெளியிட்டார். குறிபார்த்துச் சுடும் வீரர் ஒருவர் காயமுற்று, வீட்டை நினைந்து மெல்ல மாண்ட இடம் அது என்று 1866இல் வெளிவந்த தொகுப்பில் உருக்கமான விளக்கமும் எழுதப்பட்டது. அதே உடல் சற்றுத் தள்ளி வேறிடத்திற் கிடந்ததைக் காட்டும் வேறு படங்கள் உள்ளமையை வில்லியம் பிறசனிற்றோ 1975இல் விரிவாக விளக்கினார். படப்பிடிப்பாளர் உடலை எடுத்துச் சென்று பாறைகளிடையே கிடத்தியிருந்தனர். இங்கு மரணம் மெய், காட்சி பொய். ஸ்பானியப் படம் ஒத்திகையாயின் அதில் வீழ்ந்தவர் உடன்பட்டே வீழ்ந்தார், எவருக்கும் தீங்கு நேரவில்லை. கெற்றிஸ்பேர்க்கில் மாண்டவரிடம் எவரும் இசைவு கேட்டிருக்க இயலாது. அவர் உடல் ஒரு தட்டுமுட்டுப் பொருள்போலச் சுமக்கப்பட்டு, அவர் வாழாத ஒரு கதை அவருக்கு ஏற்றப்பட்டது. மனிதருக்கு இழைத்த தீங்கே அளவுகோலாயின் கார்ட்னரின் செயலே பன்மடங்கு கொடியது. பொதுமக்களின் சினம் அவ்வாறு நிறுக்கவில்லை. கார்ட்னரின் கதை ஒரு வரலாற்றுச் சுவைச்செய்தியாக நின்றுவிட்டது. கப்பாவின் படமோ இன்றளவும் ஒரு வழக்காக நடைபெறுகிறது. காலத்தால் அண்மையது என்பது ஒரு காரணமாதல் கூடும். எனினும் கார்ட்னரிடம் பார்ப்பவர் தேடும் மரணம் கிடைத்துவிடுகிறது. கப்பாவிடம் அது கிடைக்காமற் போகலாம். ஏமாற்றத்தின் அளவு பார்ப்பவர் தாம் பெற்ற உணர்ச்சியின் மதிப்பைக் கொண்டு அளக்கப்படுகிறது என்ற முடிபைத் தவிர்ப்பது கடினம்.

மூன்றாவதொரு சாத்தியமும் உண்டு. அது முன்னைய இரண்டிலும் பாரமானது. கப்பாவின் சகதொழிலாளியான நிழற்படக்காரப் பெண்மணி ஒருவர் 1982இல் வீலனுக்கு எழுதிய கடிதத்தில், கப்பா தம்மிடம் ஒருமுறை மிகுந்த மனக்கலக்கத்தோடு பேசியதை நினைவுகூர்ந்தார். வீரர்கள் விளையாட்டாகச் சரிவில் ஓடியும் சுட்டுக்காட்டியும் கொண்டிருந்தனர், சடுதியாக அது மெய்யாகிவிட்டது என்பது அப்பேச்சின் சாரம். இதனைக் கொண்டு வீலன் தமது இறுதி நூலில், கமெராவுக்காக நடித்துக் காட்டிய வீரரைத் தொலைவிலிருந்த பகைவனின் மெய்யான குண்டு வீழ்த்தியிருக்கலாம் எனக் கருதினார். இது மெய்யாயின் படம் பொய்யன்று. மனிதர் உண்மையிலேயே இறந்தார். ஆயின் படம் எடுக்கப்படாதிருந்தால் அவர் அன்று அச்சரிவில் எழுந்து நின்றிருக்கமாட்டார். படத்தின் மெய்ம்மைக்காக வாதாடியவர்களுக்கு இது வெற்றியே. அவ்வெற்றியின் விலையை அவர்களிற் பலர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. படப்பிடிப்பாளரின் புகழைக் காக்கும் விளக்கம் அவரைக் கொலைக்கு உடந்தையாக்கும் விளக்கமாகவும் இருக்கிறது. எஸ்பேஹோவின் குன்றுகள் இச்சாத்தியத்தையும் வலுவிழக்கச் செய்கின்றன. ஆயினும் கப்பா உண்மையிலேயே எதனை நினைந்து கலங்கினார் என்பதை எந்தக் குன்றின் வரையும் கூறாது.

அவ்வாறாயின் மெய்யெது பொய்யெது என்ற ஆராய்ச்சியே வீணா? அமைச்சரின் கூற்று அம்முடிபுக்கே இட்டுச்செல்வது. அது ஏற்கத்தக்கதன்று. கமெராவை ஒரு திசையில் திருப்புவதும் உயிரோடிருப்பவரை இறந்தவராகக் காட்டுவதும் ஒரே வரிசையிற் சேர்வன அல்ல. இதற்கு அதே போரிலேயே சான்றுண்டு. 1937 ஏப்பிரல் 26இல் ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நாட்டின் கேர்னிக்கா நகரைக் குண்டுவீசி எரித்தன. விமானம் எதுவும் வரவில்லை, பின்வாங்கிய குடியரசுப் படையினரே தம் நகருக்குத் தீயிட்டனர் என்று பிராங்கோவின் தரப்பு உலகுக்கு அறிவித்தது. அவ்வறிவிப்பைப் பல்லாண்டு நம்பியோரும் நம்ப விரும்பியோரும் பலர். அத்தகைய ஒரு பொய்யின் எதிரே இறந்தோர்பொருட்டு நிற்கக்கூடியது சாட்சிகளின் நாணயம் ஒன்றே. தம் பக்கத்தார் ஆக்கிய பொய்ப்படமொன்று வெளிப்படும்போது எதிர்ப்பக்கத்தானுக்கு மெய்ப்படங்கள் அனைத்தையும் மறுக்கும் உரிமை கிடைத்துவிடுகிறது. நோக்கம் நன்றாயினும் இது மாறுவதில்லை. ஆகவே எஸ்பேஹோவில் ஒத்திகை நிகழ்ந்திருந்தால் அதனாற் பாதிக்கப்பட்டோர் பாரிசிலும் நியூயோர்க்கிலும் சஞ்சிகையைப் புரட்டியவர்கள் அல்லர். கமெரா எட்டாத இடங்களில் மெய்யாகவே வீழ்ந்தவர்களே. பெடரிக்கோ பொறெல் அவர்களுள் ஒருவர். அவர் படத்திலுள்ளவராயினும் அல்லராயினும் இருபத்துநான்கு வயதில் மாண்டார். படத்திலுள்ளவர் அவரல்லர் என்ற முடிபு பரவிய பின்னர் அவர் பெயரைப் பற்றிய பேச்சும் குன்றியது. இதுவும் எதிர்வினைகளின் பட்டியலிற் சேர்க்கத்தக்கதே.

பழந்தமிழ்ச் செய்யுள்கள் பேசும் நடுகல்லை இவ்விடத்தில் நினைப்பது பொருந்தும். களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் துறைகளாகவே வகுத்துரைக்கிறது. அக்கல்லில் அவன் பெயரும் அவன் செய்ததும் பொறிக்கப்பட்டன. முகம் அவனதைப் போன்றே இருத்தல் வேண்டும் என்று எவரும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. உறவினர் அவனை அறிந்திருந்தனர், வழிச்செல்வோன் பெயரைப் படித்துச் சென்றான். புகைப்படம் இம்முறையைத் தலைகீழாக்கியது. அதிலே முகமும் கையும் சாயும் கோணமும் உள, பெயர் இல்லை. பெயரில்லாதவனுக்கு இரங்குவோர் இரங்கும் கணத்தில் அவனிடத்திற் தம் கட்சியையோ காலத்தையோ அச்சத்தையோ கண்டுகொள்வர். பெயரைத் தேடிய புறொட்டோன்ஸின் முடிபு தவறாகியிருக்கலாம். ஆயினும் இப்படத்தைச் சூழ்ந்த எதிர்வினைகளுள், இம்மனிதர் யார், எவ்வூரார், எவரின் உடன்பிறந்தார் என்ற வினாவிலிருந்து தொடங்கியது அவருடையதே. தோற்பைகளைத் தைத்த ஊரை ஒருவர் அடையாளங் கண்டமைக்குக் காரணம் அவர் அவ்வூரார் என்பதே. வீலனுக்கு அப்பெயர் படத்தைக் காக்கும் கருவியாயிற்று. பின்வந்தோருக்கு அது தகர்க்கப்படவேண்டிய அரணாயிற்று.

எஞ்சியிருப்பவர் 'வூ' சஞ்சிகையின் அப்பக்கத்திலுள்ள இரண்டாமவர். அவர் முதலாமவரினும் நிலத்துக்கு அண்மையில் இருக்கிறார், உடல் ஏற்கெனவே மடிந்துவிட்டது. வானின் முகில்கள் இரு படங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளன. ஒரே இடத்தில் இருவர் சற்று நேர இடைவெளியில் வீழ்ந்தும் ஒருவர் படத்தில் மற்றவரின் உடல் காணப்படாமை ஒத்திகை என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டுள்ளது. முதலில் வீழ்ந்தவரைத் தோழர் இழுத்துச் சென்றிருப்பர் என மறுதரப்பு விடையிறுத்துள்ளது. இவ்வாதத்துக்காக மட்டுமே அவர் அழைக்கப்படுகிறார். முதலாமவருக்காக ஊர்ப்பதிவுகள் புரட்டப்பட்டன, உறவினர் தேடப்பட்டனர், விரல்கள் ஆராயப்பட்டன. இரண்டாமவரின் படம் அத்துணை அழகாக அமையவில்லை.